கல்லிச்சி போன்சாய்: வெட்டுக்குச்சியிலிருந்து ஆழமில்லாத தொட்டி வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே சொல்லும் மாதக் கணக்கு சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களுக்கானது. கோவை, ஓசூர் பக்கம் குளிர் சற்று நீளும். அங்கே ஒவ்வொரு வேலையையும் இரண்டு மூன்று வாரம் தள்ளிச் செய்யலாம். எங்கே இருந்தாலும் மார்கழி, தை இரண்டு மாதமும் மரத்தில் பெரிய வேலை வேண்டாம்.

எந்த ஃபைக்கஸில் (ஆல், அரசு இனத்து மரத்தில்) தொடங்கலாம்?

கல்லிச்சியில். நர்சரியில் ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா என்று கேளுங்கள். பலர் 'ரெட்டுசா' என்று சொல்லி அதையேதான் தருவார்கள். கோயில் மதில், பாலத்துச் சுவர், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் ஓரம் என்று பறவை எச்சத்திலிருந்து தானே முளைக்கும் நம்மூர் மரம் இது. ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாக வெட்டினாலும் பழைய பட்டையைக் கிழித்துக்கொண்டு துளிர்க்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

பெஞ்சமினா அழகாகத் தொங்கும், விலையும் குறைவு. ஆனால் ஒரு கிளையில் இலையே மிச்சம் வைக்காமல் வெட்டினால் அந்தக் கிளை அடிவரை காய்ந்துபோவது வழக்கம். தொட்டியை இடம் மாற்றினாலே இலையைக் கொட்டும். 'லாங் ஐலேண்ட்' வகைக்கு இலை சிறிது, நுண்கிளை அடர்த்தியாக வரும். இரண்டாவது மரமாக வைத்துக்கொள்ளலாம்.

அரசும் ஆலும் ஆசைக்கு எல்லோரும் கேட்பவை. அரச இலை ஓரளவுக்கு மேல் சிறுக்காது, கணுக்களுக்கு நடுவே இடைவெளியும் நீளம். ஒரு அடி உயரத்தில் அதை மரமாகக் காட்டுவது நடக்காத காரியம். ஆல் பரவாயில்லை, ஆனால் இரண்டரை அடிக்குக் குறையாமல் திட்டமிட வேண்டும்.

'ஜின்செங்' என்று கிழங்குக் கால்களோடு விற்கிறார்களே, அது போன்சாயாகுமா?

அதுவும் கல்லிச்சிதான். விதையிலிருந்து வளர்த்து, பருத்த வேர்களை மண்ணுக்கு மேலே எடுத்துவிட்டு, உச்சியில் சிறிய இலை ரகத்தை ஒட்டுக்கட்டியிருப்பார்கள். ஒட்டுத் தழும்பு பல வருடம் தெரியும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரை விட்டு வளர்த்து, மேலே ஒட்டிய பகுதியைப் படிப்படியாக எடுத்துவிட்டால் ஒரே மரமாக மாறும். அவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் நல்ல வெட்டுக்குச்சி ஒன்றை நட்டுவிடலாம்.

சுவரில் முளைத்த செடியைப் பிடுங்கி வளர்க்கலாமா?

தாராளமாக, சுவருக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால். ஜூலை முதல் செப்டம்பர் வரை எடுங்கள். வேர் விரிசலுக்குள் பட்டையாகப் போயிருக்கும்; இழுத்தால் தோல் உரிந்து வெறும் குச்சி கையில் வரும். உளியால் காரையைப் பெயர்த்து, வந்த அளவு வேரைக் கூரான கத்தியால் சுத்தமாக வெட்டி எடுங்கள். இலைகளை முழுக்க நீக்கி, கழுவிய கரடு மணலில் நட்டு, மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்து நிழலில் வையுங்கள். விரல் நீள வேர் இருந்தால் போதும். வேரே இல்லாமல் கட்டைவிரல் தடிமனில் வெட்டிய குச்சிகூட இப்படிப் பிழைத்துவிடும். புதுத் துளிர் நான்கைந்து இலை விட்ட பிறகு பையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். ஒரே நாளில் எடுத்தால் துளிர் கருகும்.

தண்டு தடிக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று வருடமாகப் பீங்கான் தொட்டியில் இருக்கிறது.

பீங்கான் தொட்டியில் இருப்பதால்தான். ஆழமில்லாத தொட்டி மரத்தை அப்படியே நிறுத்தி வைக்கும், தண்டை வளர்க்காது. தண்டு தடிப்பது இலைகளின் எண்ணிக்கையையும் வேர் ஓட இருக்கும் இடத்தையும் பொறுத்தது. கவாத்து செய்துகொண்டே தண்டும் தடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் இரண்டும் கிடைக்காது.

தரையில் நட இடம் இருந்தால் அதற்கு ஈடில்லை. பென்சில் கனத்துக் குச்சி நல்ல வெயிலில், தரையில், மூன்று நான்கு வருடத்தில் மணிக்கட்டுத் தடிமனுக்கு வரும். மாடியில்தான் இடம் என்றால் 15 அங்குல க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) அல்லது பழைய பிளாஸ்டிக் டப். பக்கவாட்டில் சூடான கம்பியால் துளைகள் போட்டால் வேர் சுற்றிச் சுற்றி ஓடாது. வேகம் தரையில் கிடைப்பதில் பாதிகூட இருக்காது.

இந்தக் காலத்தில் உச்சியை வெட்டாதீர்கள். ஆறடி, எட்டடி என்று போனாலும் போகட்டும். கூடவே அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள் ஒரு கிளையை, பின்னால் வெட்டி எறிவதற்கென்றே, வளரவிடுங்கள். அந்தக் கிளைக்குக் கீழே இருக்கும் பகுதி மட்டும் கூடுதலாகப் பருக்கும். அடி அகன்று மேலே குறுகும் வடிவத்துக்கு அதுவே ஆரம்பம். முகப்புப் பக்கம் இல்லாமல் பின்பக்கமாக அந்தக் கிளையைத் தேர்ந்தால், வெட்டிய தழும்பு பிற்பாடு கண்ணில் படாது.

எப்போது, எந்த இடத்தில் தண்டை வெட்டுவது?

கடைசியில் மரம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்றரை அடி என்றால் முதல் வெட்டு ஏறக்குறைய ஆறு அங்குலத்தில், அதாவது மூன்றில் ஒரு பங்கில். அடித்தண்டு நினைத்த தடிமனை எட்டிய பிறகுதான் இந்த வெட்டு. அவசரப்பட்டு முன்பே வெட்டினால் தடிப்பது அங்கேயே நின்றுவிடும்.

பிப்ரவரிக் கடைசி, அல்லது ஜூன் இரண்டாம் பாதி நல்ல நேரம். குறித்த இடத்துக்கு ஒரு அங்குலம் மேலே மட்டமாக அறுங்கள். வெட்டு கொஞ்சம் கீழ்நோக்கிக் காயும், அந்த ஒரு அங்குலம் அதற்காக. இரண்டு முதல் நான்கு வாரத்தில் துளிர்கள் கொத்தாக வெடிக்கும். அவற்றில் வெட்டுக்கு மிக அருகில் இருப்பதை அடுத்த தண்டாக வைத்துக்கொண்டு, அது பென்சில் தடிமன் ஆனதும் மிச்சக் கட்டையைச் சாய்வாகச் சீவி எடுத்துவிடுங்கள்.

புதுத் துண்டு, கீழ்த் துண்டின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆகும்வரை அடுத்த வெட்டு கூடாது. பிறகு அதையும் வெட்டி வேறு திசையில் துளிரைப் பிடிக்க வேண்டும். சீனாவின் குவாங்டோங் பகுதியில் லிங்னான் பாணிக்காரர்கள் கம்பியை அதிகம் நம்பாமல் இப்படி வெட்டி, வளர்த்து, மறுபடி வெட்டித்தான் மரத்தின் கோடுகளை உண்டாக்குகிறார்கள். கல்லிச்சியின் சுபாவத்துக்கு இது அப்படியே பொருந்தும். ஒவ்வொரு துண்டுக்கும் நம் வெயிலில் ஒன்றரை முதல் இரண்டு வருடம்.

வெட்டினால் பால் வடிகிறதே, மரம் பலவீனமாகாதா?

ஆகாது. ஈரத் துணியால் ஒற்றுங்கள், அல்லது தண்ணீர் தெளியுங்கள். சில நிமிடத்தில் உறைந்துவிடும். பெருவிரல் நகத்தைவிடப் பெரிய காயத்துக்கு, பால் நின்ற பிறகு, கட் பேஸ்ட் (வெட்டுக்காயத்தை மூடும் பசை) பூசுங்கள். ஈரமாக இருக்கும்போது பூசினால் ஒட்டாது. பால் கண்ணில் படக் கூடாது. சிலருக்குத் தோலில் அரிப்பு வரும், கையுறை போட்டுக்கொள்ளலாம். ஆடை மேல் பட்ட கறை போகவே போகாது.

இன்னொன்று: ஜூனிப்பர் மரங்களில் செய்வதுபோல் பட்டையை உரித்து வெள்ளை மரக்கட்டையைக் காட்டும் வேலை இதில் வேண்டாம். ஃபைக்கஸ் கட்டை மென்மையானது, மழையில் மக்கிப்போகும்.

அடிவேர் நாலாபக்கமும் பரந்து தெரிய என்ன செய்ய வேண்டும்?

முதல் நாளிலேயே தொடங்க வேண்டிய வேலை இது. வெட்டுக்குச்சி வேர் விட்டதும், நேர்கீழே போகும் தடித்த வேரை ஒட்ட வெட்டிவிட்டு, கையகல ஓட்டுத் துண்டின் மேல் செடியை உட்காரவைத்து, வேர்களைக் கடிகார முள் திசைகள்போல் சுற்றிலும் பிரித்து, மேலே மண் போட்டு நடுங்கள். கீழே போக வழியில்லாததால் வேர் பக்கவாட்டில் ஓடும். வருடம் ஒருமுறை தோண்டிப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறியவை, தண்டைச் சுற்றி வளைந்தவை, மற்றவற்றைவிட அளவுக்கு மீறித் தடித்தவை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு தடித்த வேர் இருந்தால் மற்றவை பட்டினி. அதைப் பாதி நீளத்துக்கு வெட்டினால் சத்து பங்கிட்டுப் போகும்.

வளரும் காலத்தில் வேர்களை மண்ணுக்கு ஒரு அங்குலம் கீழேயே மூடி வையுங்கள். வெளியே தெரிய வேண்டும் என்ற ஆசையில் சீக்கிரம் திறந்துவிட்டால் வேர் தடிப்பது அங்கேயே மந்தமாகிவிடும். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடப்பது.

ஒரு பக்கம் வேரே இல்லை. வாங்கும்போதே அப்படி.

இரண்டு வழி. முதலாவது, அதே ரகத்தின் வேர்விட்ட சிறு குச்சியை ஒட்டுவது. வெற்றிடத்தில் தண்டின் அடியில் குச்சி உட்காரும் அளவுக்குப் பட்டையில் பள்ளம் வெட்டுங்கள். குச்சியிலும் தொடும் பக்கத்துத் தோலைச் சீவி, பள்ளத்தில் அழுத்தி, ஒட்டுநாடாவால் இறுகக் கட்டிப் புதைத்துவிடுங்கள். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு ஃபைக்கஸ் பட்டை ஒன்றாக இணைவது இந்த இனத்தின் இயல்பு. ஒரு வளர்ச்சிக் காலம் போதும். பிடித்ததும் குச்சியின் மேல்பகுதியை வெட்டிவிட்டால் வேர் மட்டும் மரத்துக்குச் சொந்தமாகும்.

வேர் எல்லாப் பக்கமும் மோசம் என்றால் இரண்டாவது வழி, தண்டின் அடியிலேயே பதியம். தண்டின் குறுக்களவுக்குக் குறையாத அகலத்தில் பட்டையை வளையமாக உரித்து, கட்டையின் மேலிருக்கும் வழவழப்பான படலத்தைக் கத்தி முதுகால் முழுதும் சுரண்டுங்கள். அந்தப் படலம் இழையளவு மிச்சம் இருந்தாலும் பட்டை மறுபடி மேலும் கீழும் பாலம் போட்டுக்கொள்ளும், வேர் வராது. வளையத்தின் மேல் விளிம்பில் வேர் ஊக்கப் பொடி தடவி, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியால் (குளத்துப் பாசி அல்ல) சுற்றி, பிளாஸ்டிக் தாளால் கட்டுங்கள். ஜூலையில் கட்டினால் ஆகஸ்டில் வெள்ளை வேர் தெரியும். அது பழுப்பாகிக் கிளைத்த பிறகு, செப்டம்பர் கடைசியில், கீழே அறுத்து எடுக்கலாம்.

மண் கலவை என்ன?

க்ரோ பேக் கட்டத்தில்: செங்கல் துண்டு 4 பங்கு, கழுவிய கரடு மணல் 3 பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 3 பங்கு. பீங்கான் தொட்டிக்கு வந்த பிறகு: செங்கல் துண்டு 6, பெர்லைட் (பொரித்த, எடை குறைந்த வெள்ளைக் கல்) 2, மண்புழு உரம் 2.

செங்கல்லில்தான் விஷயம். நன்றாக வெந்த கல்லை உடைத்து, 5 மில்லிமீட்டர் சல்லடையில் விழுவதை எடுத்து, மறுபடி 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துத் தூளைத் தூக்கி எறியுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். நொறுங்கினால் அது வேகாத கல். ஆறு மாதத்தில் தொட்டிக்குள் களிமண்ணாகிவிடும். தென்னைநார்த் தூளை ஆழமில்லாத தொட்டியில் சேர்க்க வேண்டாம். வடகிழக்கு மழையில் அது குடித்த தண்ணீரை விடாது, வேர் அழுகும்.

தொட்டி மாற்றி நடுவது எப்போது?

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது தண்ணீர் மேலே தேங்கி மெதுவாக இறங்கத் தொடங்கியதும். பிப்ரவரிக் கடைசி, இல்லாவிட்டால் ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட். அக்னி நட்சத்திரத்தில் தொடாதீர்கள். வேரில் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். அதே அளவுக்கு இலையையும் குறைத்துவிடுங்கள். மரத்தைத் தொட்டித் துளை வழியாகக் கம்பியால் இறுகக் கட்டுவது அவசியம், காற்றில் ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். பத்து நாள் நிழல், ஒரு மாதத்துக்கு உரம் இல்லை.

கம்பி கட்டும்போது கிளை முறிகிறது, இல்லாவிட்டால் தழும்பு விழுகிறது.

முறிவது காலதாமதத்தால். கிளை பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும் பருவத்தில் சொன்னபடி வளையும். முழுக்க முற்றிய பிறகு மேல்பக்கம் விரிசல் விடும். அலுமினியக் கம்பி போதும், கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. 6 மில்லிமீட்டர் கிளைக்கு 2 மில்லிமீட்டர் கம்பி. அடியைத் தண்டில் ஒரு சுற்று ஊன்றி, 45 பாகைச் சாய்வில், பட்டையை மெல்லத் தொடும்படி சுற்றுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி வர வேண்டும். கிளையைக் கீழே இறக்கும்போது இரண்டு பெருவிரலையும் வளைவின் உட்புறம் அழுத்தி, மற்ற விரல்களால் இழுங்கள். 'கிறீச்' என்று சத்தம் கேட்ட இடத்தில் நிறுத்திவிடுங்கள், மிச்சத்தை இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம்.

தழும்புக்குக் காரணம் மறதி. ஆவணியில் ஃபைக்கஸ் கிளை பருக்கும் வேகத்துக்கு நான்கு வாரத்தில் கம்பி தோலில் புதையத் தொடங்கும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள். கழற்றும்போது திருகிப் பிரிக்காமல், ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுங்கள். கிளை பழைய இடத்துக்குத் திரும்பினால் மறுபடி கட்டலாம், திசையை மாற்றிச் சுற்றி.

நுண்கிளையும் சிறிய இலையும் எப்படி வரும்?

தண்டும் முதல்நிலைக் கிளைகளும் (தண்டிலிருந்து நேரே வருபவை) முடிந்த பிறகு. ஒவ்வொரு தளிரையும் ஆறு முதல் எட்டு இலை வரை விட்டு, இரண்டு இலைக்கு வெட்டுங்கள். மீந்த இரண்டு கணுவிலும் துளிர் வரும். ஒன்று இரண்டாகி, நான்காகி, இரண்டே வருடத்தில் கிளை விசிறியாகும். உச்சி எப்போதும் முந்திக்கொண்டு வளரும், அதனால் மேலே அடிக்கடி வெட்டி, கீழ்க்கிளைகளை ஒரு சுற்று விட்டுப் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் கத்தரித்தால் நாலைந்து வருடத்தில் கீழ்க்கிளை மெலிந்து செத்துவிடும்.

இலை முழுவதையும் நீக்குவது வருடம் ஒருமுறை, ஜூலையில், நல்ல பலத்தோடு இருக்கும் மரத்துக்கு மட்டும். காம்பை விட்டு இலையை மட்டும் கத்தரியுங்கள். காம்பு தானே உதிரும். கிளை நுனியில் இருக்கும் ஊசிபோன்ற மொட்டையும் கிள்ளுங்கள், அப்போதுதான் பின்கணுக்கள் விழிக்கும். நான்கு வாரத்தில் வரும் புது இலை பழையதில் பாதி அளவு இருக்கும், நல்ல வெயில் கிடைத்தால். நிழலில் வைத்து இலை உதிர்த்தால் பழைய அளவே திரும்ப வரும். வேர் வெட்டிய வருடம் இந்த வேலை வேண்டாம். மெலிந்த கிளையில் இலையை விட்டுவைத்து, தடித்ததில் மட்டும் எடுப்பதும் பலன் தரும்.

விழுது விடவைக்க முடியுமா?

முடியும், காற்றில் ஈரம் இருந்தால். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரத்தில் தானாகவே சிவந்த நுனிகள் தண்டில் எட்டிப்பார்க்கும்; மழை விட்டதும் காய்ந்து உதிரும். காக்க வேண்டிய விழுதின் மேல், நீளவாக்கில் கீறிய குளிர்பான உறிஞ்சுகுழலைப் பொருத்தி, உள்ளே ஈரப் பாசி திணித்து, கீழ்முனையை மண்ணில் ஊன்றுங்கள். தினமும் மேலிருந்து சொட்டுத் தண்ணீர். இரண்டு மூன்று மாதத்தில் மண்ணைத் தொட்டுவிடும். தொட்டதும் விறைப்பாகி, பிறகு தடிக்கத் தொடங்கும்.

விழுது வேண்டிய கிளையை அந்தப் பருவத்தில் வெட்டாமல் நீளவிடுங்கள். இலை நிறைய இருக்கும் கிளையே அதிகம் விடும். எல்லா விழுதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டோ மூன்றோ, வெவ்வேறு தடிமனில், தண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆலமரத் தோற்றம் வரும். பத்து இருந்தால் வேலிதான்.

உரம்?

தண்டு வளரும் காலத்தில் தாராளம்: 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை. வாடைக்குப் பயந்தால் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள கரையும் உரம்) ஒரு லிட்டருக்கு 1 கிராம். பீங்கான் தொட்டிக்கு வந்த மரத்துக்கு இதில் பாதி. இலையைச் சிறிதாக்கப் பாடுபடும் மாதங்களில் நிறுத்திவிடுங்கள். காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்றக் கூடாது.

இலை மஞ்சளாகிறது. தண்ணீர் குறைவா, அதிகமா?

மஞ்சள் எங்கே என்று பாருங்கள். உள்பக்கத்துப் பழைய இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுந்தால் அது வழக்கமான உதிர்வு. எல்லா வயது இலையும் ஒரே சமயத்தில் மஞ்சளாகி, மண்ணில் புளித்த வாடை வந்தால் வேர் அழுகல். தொட்டியிலிருந்து எடுத்து, கருத்துக் கொழகொழத்த வேரை வெட்டி, வெறும் செங்கல் துண்டில் நடுங்கள். புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. உப்பு ஏறிய போர்வெல் தண்ணீர் ஊற்றும் மாடிகளில் இதுதான் சாதாரணம். மழைநீர் பிடித்து வாரம் ஒருமுறை தொட்டி நிறைய ஓடவிடுங்கள். கீலேட் இரும்பை (செடி எளிதில் உறிஞ்சும் வடிவிலான இரும்புச்சத்தை) லிட்டருக்கு அரை கிராம் கலந்து இலையில் தெளிக்கலாம்.

தண்ணீருக்குக் கடிகாரம் வேண்டாம், விரல் போதும். மேல் மண் அரை அங்குலம் காய்ந்ததும் ஊற்றுங்கள். சித்திரையில் அது ஒரு நாளில் இரண்டு முறையாகலாம். அந்த மாதங்களில் தொட்டியைச் சிமெண்ட் தரையில் நேரடியாக வைத்தால் வேர் வெந்துவிடும். செங்கல் அடுக்கி மேலே வைத்து, 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

கொழுந்து இலை படகுபோல் மடிந்து சிவப்புப் புள்ளியோடு இருக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக, எழுத்தில் வைக்கும் புள்ளியைவிடச் சற்று நீளமாக ஊரும் பூச்சிகள் இருந்தால் இலைப்பேன். மடிப்புக்குள் மருந்து போகாது, அதனால் மடிந்த இலைகளை எல்லாம் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே பாதி வைத்தியம். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில், ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. புதுத் துளிர் வரும் நேரத்தில் தெளித்தால்தான் பயன். மாவுப்பூச்சி, செதில் பூச்சிக்கும் இதே கரைசல். முன்னால் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். எறும்பு ஏறுகிறது என்றால் இவை எங்கோ இருக்கின்றன.

வரவேற்பறையில் வைக்கலாமா?

விருந்தினர் வரும் இரண்டு நாள் வைக்கலாம். ஏசி அறையில் ஒரு மாதம் இருந்தால் பாதி இலை கொட்டும்.

ஆழமில்லாத தொட்டிக்கு எப்போது கொண்டுபோவது? எந்த அளவு?

தண்டில் இனி தடிமன் வேண்டாம், பெரிய வெட்டுக்காயங்கள் மூடிவிட்டன, முதல்நிலைக் கிளைகள் இடம் பிடித்துவிட்டன என்றால். நட்டதிலிருந்து ஆறாவது, ஏழாவது வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டி நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடித்தண்டின் தடிமன் அளவு. ஒரே தாவலில் போகாமல், இடையில் ஒரு வருடம் நான்கு அங்குல ஆழப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, வேர்க்கட்டைப் பாதியாக்குங்கள். வடிகால் துளை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கடைகளில் அழகுத் தொட்டி என்று வருபவற்றில் துளையே இருக்காது, அல்லது அடி உட்குழிந்து தண்ணீர் தேங்கும். வாங்கும் முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ஒரே ஒரு கிளை மட்டும் காய்கிறது. மரமே போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. நகத்தால் பட்டையைக் கீறிக்கொண்டே அடிநோக்கி வாருங்கள். பச்சை தெரியும் இடத்துக்குக் கீழே சிறு கணு ஒன்று இருக்கும்படி பார்த்து வெட்டுங்கள். மேல்கிளை நிழலில் இருந்த கிளை என்றால் வெளிச்சக் குறைவு, மேலே திறந்துவிடுங்கள். வெயிலில் இருந்த கிளை என்றால், அது எந்த வேருக்கு நேராக இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்து மண்ணைக் குச்சியால் கிளறுங்கள். செத்த வேரோ, செதில் பூச்சியோ, கழற்ற மறந்த கம்பித் துண்டோ அங்கே கிடைக்கும்.